தட்டுகள் குழம்பில் மிதக்கவில்லை: பூமியின் உட்புறமும் அதன் நகர்வும்

கேள்வி இது: "பூமிக்குள்ளே முழுக்க நெருப்புக் குழம்பு, அதன்மேல் கண்டத்தட்டுகள் தெப்பம்போல மிதக்கின்றன என்று படித்திருக்கிறேன். யாரும் உள்ளே போய்ப் பார்த்ததில்லையே, இதெல்லாம் எப்படித் தெரியும்? அவ்வளவு பெரிய தட்டுகளை எது நகர்த்துகிறது?"

கேள்வியின் முதல் வரியிலேயே ஒரு திருத்தம் வேண்டும். நம் காலுக்கு அடியில் குழம்புக் கடல் எதுவும் இல்லை. மேலோட்டுக்குக் கீழே தொடங்கி 2,890 கி.மீ. ஆழம்வரை இருப்பது பாறை, அதுவும் திடமான பாறை. அங்கங்கே, அதன் மேற்பகுதியில், சில இடங்களில் மட்டும் கொஞ்சம் உருகுகிறது. எரிமலையில் நாம் பார்ப்பது அந்தக் கொஞ்சத்தைத்தான். உண்மையிலேயே திரவமான பகுதி ஒன்று பூமிக்குள் உண்டு. ஆனால் அது இன்னும் கீழே இருக்கும் இரும்பு. எந்த எரிமலையும் அதைக் கக்குவதில்லை.

இந்தத் திருத்தத்தை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. தெப்பம் என்ற படம் மனதில் இருந்தால், தெப்பத்தை இழுத்துப் போகும் நீரோட்டம் எங்கே என்று தேடத் தோன்றும். தட்டுகளின் விஷயத்தில் அந்தத் தேடல் திசை தவறிப்போகும். அவற்றை நகர்த்தும் முதன்மையான விசை அவற்றின் சொந்த எடை. அந்த இடத்துக்கு வருவதற்குமுன், 'எப்படித் தெரியும்' என்பதைப் பார்த்துவிடலாம்.

தோண்டிப் பார்த்து அறிந்தது மிகக் குறைவு. மனிதர் இட்ட துளைகளில் செங்குத்தாக மிக ஆழமானது, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் சோவியத் காலத்தில் துளைத்தது. 1970-இல் தொடங்கி 1989-இல் 12,262 மீட்டரை எட்டினார்கள். அகலம் ஒரு சாண் அளவுதான், 23 செ.மீ. அடியில் 100 டிகிரி இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் 180 டிகிரி செல்சியஸ் இருந்தது. அந்தச் சூட்டில் பாறை இளகி, துளைத்த துளை தானே மூடிக்கொள்ளப் பார்த்தது, வேலையை நிறுத்தினார்கள். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. அதில் 12 கி.மீ. என்பது 500-இல் ஒரு பங்கு. இருபதாண்டு உழைப்பில் மேலோட்டைக்கூடத் தாண்டவில்லை.

தோண்டாமலே முதல் துப்புக் கொடுத்தவர் ஹென்றி கேவண்டிஷ். 1798-இல், ஒரு கம்பியில் தொங்கவிட்ட சிறு ஈயக் குண்டுகளைப் பெரிய ஈயக் குண்டுகள் ஈர்க்கும் மிகச் சிறிய விசையை அளந்து, அதிலிருந்து மொத்தப் பூமியின் அடர்த்தியைக் கணக்கிட்டார். தண்ணீரைப்போல ஏறத்தாழ 5.5 மடங்கு என்று வந்தது. தரையில் கிடக்கும் கருங்கல்லோ தண்ணீரைப்போல 2.7 மடங்குதான். வெளியே இருப்பது இவ்வளவு லேசு, சராசரி அவ்வளவு கனம் என்றால், உள்ளே ஏதோ மிகக் கனமான பொருள் இருந்தாக வேண்டும். விண்ணிலிருந்து விழும் கற்களில் ஒரு வகை கிட்டத்தட்ட முழுக்க இரும்பும் நிக்கலும். சிதைந்துபோன சிறு கோள்களின் நடுப்பகுதி அவை. பூமியின் நடுவிலும் இரும்புதான் இருக்கும் என்ற எண்ணத்துக்கு அதுவும் வலு சேர்த்தது.

அதன்பின் வந்ததெல்லாம் நிலநடுக்கங்களைக் கேட்டு அறிந்தது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். இந்தத் துறையில் காதால் கேட்டதுதான் மெய். பெரிய நிலநடுக்கம் ஒன்று ஏற்பட்டால் அதன் அதிர்வுகள் பூமியை ஊடுருவி மறுபக்கம்வரை போகின்றன. நேர் எதிர்ப்புறத்தை அடைய சுமார் 20 நிமிடம். இந்த அதிர்வுகளில் இரண்டு வகை முக்கியம். முதலில் வந்து சேர்வது முதன்மை அலை. ஒலியைப்போல, போகும் திசையிலேயே பாறையை அமுக்கி விரித்துக்கொண்டு போகும். திடம், திரவம் எதிலும் செல்லும். அடுத்து வருவது இரண்டாம் அலை. இது பாறையைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு போகும். பக்கவாட்டில் அசைத்தால் மீண்டு வரும் விறைப்பு திடப்பொருளுக்கு மட்டுமே உண்டு என்பதால் திரவத்தில் இது செல்லாது. பூமியின் உள்ளமைப்பு பற்றிய பாதிச் செய்தி இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

1897-ஆம் ஆண்டின் அசாம் பெருநிலநடுக்கத்தை ஆராய்ந்தவர் ரிச்சர்ட் ஓல்டாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றியவர். இந்த இரண்டு அலைகளையும் பதிவுகளில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் அவர்தான். 1906-இல், வெகு தொலைவில் பதிவான அலைகள் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக வருவதை வைத்து, நடுவில் அலையின் வேகத்தைக் குறைக்கும் வேறொரு பொருள் இருக்கிறது என்றார். 1909-இல், இன்றைய குரோஷியாவின் ஜாக்ரெப் அருகே ஏற்பட்ட நடுக்கத்தின் பதிவுகளில், ஒரே அலை இரண்டு முறை வந்ததுபோலத் தெரிவதை ஆந்திரியா மோஹொரோவிசிச் கவனித்தார். ஒன்று மேலோட்டின் வழியே நேராக வந்தது. மற்றொன்று கீழே போய், அங்குள்ள வேகமான பாறையில் விரைந்து, மேலேறி வந்தது. சுற்றுப்பாதைதான், ஆனால் நெடுஞ்சாலை. மேலோடு முடிந்து, அதன்கீழுள்ள தடித்த பாறை அடுக்கான கவசம் தொடங்கும் எல்லை அப்படித்தான் அகப்பட்டது. அதற்கு இன்றும் அவர் பெயர்தான்; உச்சரிக்கச் சிரமம் என்பதால் உலகம் முழுக்க 'மோஹோ' என்று சுருக்கிவிட்டார்கள். 1913-இல் பெனோ குட்டன்பர்க், ஓல்டாம் சொன்ன அந்த நடுப்பொருளின், அதாவது கருவத்தின், எல்லை 2,900 கி.மீ. ஆழத்தில் இருப்பதைக் கணக்கிட்டார். இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 10 கி.மீ.தான். கையால் போட்ட கணக்கு அது.

அந்த எல்லைக்குக் கீழே இரண்டாம் அலை செல்வதில்லை. கருவம் திரவம் என்ற முடிவுக்கு 1926-இல் வலுவான வாதம் வைத்தவர் ஹரால்ட் ஜெஃப்ரீஸ். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பிறகு வருவார்.

எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு அடுத்தது. திரவக் கருவம் முதன்மை அலைகளை ஒரு கண்ணாடி வில்லைபோல வளைத்துவிடுவதால், நடுக்கம் நடந்த இடத்திலிருந்து சுமார் 104 பாகை முதல் 140 பாகை வரையான வளையத்தில் அவை பதிவாகக் கூடாது. நிழல் விழுந்த இடம் அது. 1929-இல் நியூசிலாந்தில் நடந்த நடுக்கத்தின் அலைகள், மெலிதாக, அந்த நிழலுக்குள்ளும் பதிவாகியிருந்தன. மற்றவர்கள் கருவி பிழை, சிதறல் என்று விட்டுவிடக்கூடிய கோடுகள். டென்மார்க்கின் இங்கே லேமன் விடவில்லை. ஓட்ஸ் வந்த அட்டைப்பெட்டிகளில் நிலநடுக்கக் குறிப்பு அட்டைகளை அடுக்கிவைத்துக்கொண்டு தோட்டத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பார் என்று அவரது உறவினர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1936-இல் அவர் சொன்ன முடிவு: திரவக் கருவத்துக்கு நடுவில் இன்னொரு உட்கருவம் இருக்கிறது, அதில் பட்டுத் தெறித்த அலைகள்தான் நிழலுக்குள் வருகின்றன. அது திடமானது என்பது பின்னர் உறுதியானது. லேமன் 104 வயதுவரை வாழ்ந்து, தன் கணிப்பு பாடநூலாவதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

1960-இல் சிலியில் 9.5 அளவில் நடந்தது, கருவிகளில் பதிவானவற்றிலேயே மிகப்பெரிய நடுக்கம். அதன்பின் மொத்தப் பூமியும் தட்டிவிட்ட மணிபோல நாள்கணக்கில் அதிர்ந்தது. மணி என்றால் ஒரு அசைவுக்கு 54 நிமிடம் எடுத்துக்கொள்ளும் மணி. மணியின் ஒலியை வைத்து அதன் உலோகத்தைச் சொல்வதுபோல, அந்த அதிர்வுகளை வைத்து உள்ளே அடர்த்தி எப்படிப் பரவியிருக்கிறது என்பதைச் சரிபார்க்க முடிந்தது.

இவற்றிலிருந்து கிடைத்த படத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எந்தப் பாடநூலிலும் இருப்பதுதான். மேலோடு: கடலுக்கு அடியில் சுமார் 7 கி.மீ. தடிமனுள்ள பசால்ட் பாறை. கண்டங்களில் சராசரி 35 முதல் 40 கி.மீ., திபெத்துக்கு அடியில் 70 கி.மீ. அதன்கீழ் கவசம், பூமியின் கன அளவில் 84 விழுக்காடு. பிறகு 5,150 கி.மீ. ஆழம்வரை திரவ இரும்பாலான வெளிக்கருவம். பூமியின் காந்தப்புலம் இங்கே பிறக்கிறது. நடுவில் 1,220 கி.மீ. ஆரமுள்ள உட்கருவம். அங்கே வெப்பம் 5,000 டிகிரிக்கும் மேல், சூரியனின் மேற்பரப்போடு போட்டிபோடும் அளவு. அந்தச் சூட்டிலும் அது திடமாக இருக்கக் காரணம் அழுத்தம்: நாம் உணரும் காற்றழுத்தத்தைப்போல 36 லட்சம் மடங்கு.

அழுத்தம் என்ற இந்தச் சொல்லில்தான் கவசம் பற்றிய குழப்பமும் தீர்கிறது. ஆழம் போகப்போகச் சூடு கூடுகிறது. கூடவே அழுத்தமும் கூடி, பாறையின் உருகுநிலையை அதைவிட மேலே தள்ளிக்கொண்டே போகிறது. அதனால் 1,300 டிகிரி சூட்டில் இருக்கும் கவசப் பாறையும் உருகாமல் இருக்கிறது. இரண்டாம் அலைகள் அதன் வழியே தாராளமாகப் போய்வருவது இதற்குச் சான்று. ஆனால், இங்கேதான் உள்ளுணர்வு நம்மை ஏமாற்றுகிறது: அந்தத் திடப்பாறை ஓடுகிறது.

திடம் என்றால் ஓடாது என்று யார் சொன்னது? பனியாறுகளைப் பாருங்கள். சுத்தியலால் அடித்தால் பனிக்கட்டி நொறுங்கும். அதே பனிக்கட்டி மலைச்சரிவில் ஆண்டுக்குப் பல மீட்டர் வழிந்து இறங்குகிறது. அதன் படிகங்கள் சிறிது சிறிதாக உருமாறி ஒன்றின்மேல் ஒன்று நழுவுகின்றன. கவசப் பாறையும் இப்படித்தான், இன்னும் மிக மிக மெதுவாக. அதை நொடிக்கணக்கில் தட்டினால், அதாவது நிலநடுக்க அலை தட்டினால், எஃகுபோல எதிர்க்கும். லட்சக்கணக்கான ஆண்டுகள் அழுத்திக்கொண்டே இருந்தால் களிமண்போல இணங்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஒரு புனலில் கீல் ஊற்றி வைத்திருக்கிறார்கள். தட்டினால் உடையும் பொருள். 1930-இல் புனலின் வாயைத் திறந்துவிட்டார்கள். இதுவரை ஒன்பது சொட்டு விழுந்திருக்கிறது. கவசத்தின் பிசுக்கு, அதாவது ஓட மறுக்கும் தன்மை, அந்தக் கீலைப்போலப் பல லட்சம் கோடி மடங்கு.

இது வெறும் கணக்கு அல்ல, கண்முன் நடப்பது. கடைசிப் பனியுகத்தில் ஸ்காண்டிநேவியாவின்மேல் 3 கி.மீ. தடிமனுக்குப் பனி ஏறியிருந்தது. அந்தப் பாரத்தில் தரை அமிழ்ந்தது, அடியிலிருந்த கவசம் பக்கவாட்டில் விலகிப் போனது. பனி உருகிப் பத்தாயிரம் ஆண்டுகளாகியும் விலகிப்போன பாறை இன்னும் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. போத்னியா வளைகுடாவின் வடபகுதிக் கரைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. உயர்கின்றன. சுவீடனின் ஹோகா குஸ்டன் பகுதியில் அன்றைய கடற்கரைக் கூழாங்கற்கள் இன்று கடலிலிருந்து 286 மீட்டர் உயரத்தில் மலைமேல் கிடக்கின்றன.

திடமான பாறை ஓடும் என்பதை ஏற்காததால் ஒரு மேதை தடுக்கி விழுந்த கதையையும் சொல்ல வேண்டும். பூமி உருகிய நிலையிலிருந்து இன்றைய சூட்டுக்கு ஆற எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று கெல்வின் பிரபு 1862-இல் கணக்குப் போட்டார். 2 கோடி முதல் 40 கோடி ஆண்டு என்று வந்தது. உண்மையான வயது 450 கோடிக்கும் மேல். கதிரியக்க வெப்பத்தை அவர் அறியாததே பிழைக்குக் காரணம் என்று பெரும்பாலான இடங்களில் படிப்பீர்கள். அது முழு உண்மையல்ல. அவரிடம் உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி, கதிரியக்கம் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஓராண்டு முன்பே, 1895-இல் உண்மையான ஓட்டையைக் காட்டிவிட்டார். கெல்வின் பூமியை அசையாத ஒரு கல்லாகக் கருதி, சூடு கல்லின் வழியே கசிந்து வெளியேறுவதாகக் கணக்கிட்டார். உட்பகுதி ஓடிக் கலந்து கீழிருக்கும் சூட்டை மேலே கொண்டுவந்துகொண்டே இருக்குமானால், மேற்பரப்பு மிக நீண்ட காலம் சூடாக இருக்க முடியும். வயது நூற்றுக்கணக்கான கோடிகளுக்குப் போகும் என்றார் பெர்ரி. யாரும் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் கண்டங்கள் நகர்வதைப் பற்றிய சண்டையில் ஐம்பது ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

அந்தச் சண்டை 1912-இல் தொடங்கியது. ஆல்ஃபிரட் வேகனர் ஜெர்மானிய வானிலையியலாளர். ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் வெட்டிய தாளின் இரண்டு துண்டுகள்போலப் பொருந்துவதை அவருக்கு முன்பும் பலர் பார்த்திருக்கிறார்கள். அவர் செய்தது, இரண்டு தாள்களிலும் அச்சான வரிகள் தொடர்கின்றனவா என்று பார்த்தது. தொடர்ந்தன. இரு கரைகளிலும் ஒரே பாறை வரிசை, ஒரே பழங்காலப் பனியாற்றுத் தடங்கள், நீந்தியே வந்திருக்க முடியாத விலங்குகளின் ஒரே புதைபடிவங்கள். அதுவரை இத்தகைய ஒற்றுமைகளுக்குச் சொல்லிவந்த விளக்கம், இடையில் ஒரு கண்டம் இருந்து மூழ்கிவிட்டது என்பது. தமிழர்களுக்குப் பழக்கமான லெமூரியா என்ற பெயர் பிறந்ததும் அப்படித்தான். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருப்பதை விளக்க ஃபிலிப் ஸ்கிளேட்டர் 1864-இல் வைத்த பெயர் அது. ஆனால் கண்டம் அப்படி மூழ்கி மறைந்துவிட முடியாது. கண்டப்பாறை கவசத்தைவிட லேசானது, தக்கையைப்போல. ஒரு கண்டம் இழுபட்டு மெலிந்தால் ஓரளவு தாழ்ந்து கடலுக்குள் போகலாம், நியூசிலாந்தைச் சுற்றியிருக்கும் ஜீலாந்தியா அப்படிப்பட்டது. அப்போதும் அது கடலடியில் கண்டப்பாறையாகவே கிடக்கும், கருவிக்கு அகப்படும். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து 8 கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை என்று தெரிந்தபின் இடையில் ஒரு கண்டம் தேவைப்படவில்லை.

வேகனரின் சான்றுகள் வலுவானவை, விளக்கம் பலவீனமானது. கண்டங்கள் கடலடிப் பாறையைக் கப்பல்போலக் கிழித்துக்கொண்டு போவதாக அவர் நினைத்தார். அதற்கு அவர் சொன்ன விசைகள் லட்சத்தில் ஒரு பங்குகூடப் போதாது என்று கணக்குப் போட்டு நிராகரித்தவர்களில் முதன்மையானவர், முன்பு சொன்ன ஜெஃப்ரீஸ். கருவம் திரவம் என்று காட்டிய அதே மனிதர், 1989-இல் இறக்கும்வரை கண்டங்கள் நகர்வதை ஏற்கவில்லை. கணக்கில் தவறில்லை, கிழித்துக்கொண்டு போக முடியாது என்பது சரிதான். கண்டம் தனியாகப் போவதாக நினைத்ததில்தான் இரண்டு தரப்பும் தவறின.

விடை கடலுக்கு அடியில் இருந்தது. 1952-இல் நியூயார்க்கில் மேரி தார்ப், கப்பல்கள் கொண்டுவந்த ஆழ அளவுகளைக் கோடு கோடாக வரைந்துகொண்டிருந்தார். பெண்ணென்பதால் அவரைக் கப்பலில் ஏற்றவில்லை. அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு தொடர்ந்து வருவதைக் கண்டார். உடன் பணியாற்றிய ப்ரூஸ் ஹீசன் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார். பின்னர் நிலநடுக்க மையங்களின் வரைபடத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தபோது, புள்ளிகள் அந்தப் பள்ளத்தாக்கின் வழியே வரிசையாக விழுந்தன, ஹீசன் ஏற்றுக்கொண்டார். பூமியைச் சுற்றி ஏறத்தாழ 65,000 கி.மீ. நீளத்துக்கு ஓடும் தையல் அது. அங்கே தரை விரிந்து பிரிகிறது, இடைவெளியில் புதிய கடலடி பிறக்கிறது என்று 1962-இல் ஹாரி ஹெஸ் எழுதினார். அடுத்த ஆண்டு ஃப்ரெட் வைனும் டிரம்மண்ட் மாத்யூஸும் சான்று காட்டினார்கள். பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது வடக்கு தெற்காகப் புரள்கிறது. புதிதாக இறுகும் பாறை அன்றைய திசையைத் தனக்குள் பதிந்துகொள்கிறது. மலைத்தொடரின் இருபுறமும் இந்தப் பதிவுகள் வரிவரியாக, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல இருந்தன. இதே கருத்தை லாரன்ஸ் மார்லி தனியாக எழுதி அனுப்பினார். இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன, அதிலொரு மதிப்பீட்டாளர் இது விருந்தில் பேசத்தக்க ஊகம் என்று எழுதினாராம். மார்லிக்கு எப்படி இருந்திருக்கும்!

கண்டங்களில் 400 கோடி ஆண்டுப் பழைய பாறைகள் உண்டு. பெருங்கடல்களின் அடித்தரையில் 18 கோடி, மிஞ்சினால் இன்னும் கொஞ்சம்; அதைவிடப் பழையது கிட்டத்தட்ட இல்லை. ஒரு பக்கம் பிறப்பது இன்னொரு பக்கம் அழிந்துகொண்டிருக்கிறது என்பதுதான் இதற்கு விளக்கம். அழியும் இடங்கள்தான் ஆழ்கடல் அகழிகள். 1960-களின் கடைசிக்குள் படம் முழுமையடைந்தது.

இனி தட்டு என்பது என்ன என்று சரியாகச் சொல்லலாம். தட்டு மேலோடு மட்டும் அல்ல. மேலோடும், அதனடியில் ஒட்டிய, ஆறி விறைத்துப்போன கவசத்தின் மேல்பகுதியும் சேர்ந்து சுமார் 100 கி.மீ. தடிமனுள்ள பாளம். அதன்கீழ் இருக்கும் கவசமும் அதே வகைப் பாறைதான். சூடு கூடுதல் என்பதால் இளகி இணங்கும். ஆக, தட்டுக்கும் அதன் அடியிலுள்ளதற்கும் பெரிய வேறுபாடு பொருளில் அல்ல, சூட்டில். தட்டின் எல்லையும் கடற்கரை அல்ல: தென் அமெரிக்கத் தட்டில் தென் அட்லாண்டிக்கின் மேற்குப் பாதியும் அடக்கம். கண்டம் கடலடியைக் கிழிக்கவில்லை, கடலடியோடு சேர்ந்து பயணம் செய்கிறது.

இப்போது நகர்வு. மலைத்தொடரில் பிறந்த கடலடி சூடாக, லேசாக, சுமார் 2.5 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது. விலகிப் போகப்போக ஆறுகிறது, சுருங்குகிறது, அடியில் இன்னும் கொஞ்சம் கவசம் ஒட்டி அதைத் தடிக்க வைக்கிறது; ஆழம் 5.5 கி.மீ. வரை இறங்குகிறது. சில கோடி ஆண்டுகளில் தன் கீழிருக்கும் சூடான பாறையைவிடக் கனமாகிவிடுகிறது. கனமானது மேலே, லேசானது கீழே என்ற நிலை நிலைக்காது. எங்காவது ஓரிடத்தில் வளைந்து உள்ளே இறங்கத் தொடங்கும். இறங்கிய பிறகு அழுத்தத்தில் அதன் பசால்ட், எக்லோகைட் என்ற இன்னும் அடர்த்தியான பாறையாக மாறுகிறது. மேலும் கனம், மேலும் இழுவை. கிணற்றுமேட்டில் குவிந்து கிடக்கும் இரும்புச் சங்கிலியின் ஒரு நுனி உள்ளே நழுவினால் என்ன ஆகும்? தொங்கும் பகுதியின் எடை, மேட்டில் கிடக்கும் மிச்சத்தையும் சரசரவென்று இழுத்துக்கொண்டு போகும். தட்டுகள் நகர்வதும் இப்படித்தான், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற சரசரப்பில்.

இதற்குச் சான்று வேகப் பட்டியலிலேயே இருக்கிறது. பசிபிக், நாஸ்கா, கோகோஸ் தட்டுகளின் விளிம்புகளில் நீண்ட பகுதி அகழிகளில் இறங்குகிறது. அவை ஆண்டுக்கு 6 முதல் 10 செ.மீ. வரை விரைகின்றன. ஐரோப்பா-ஆசியாவைச் சுமக்கும் தட்டு, ஆப்பிரிக்கத் தட்டு ஆகியவற்றில் அப்படித் தொங்கும் பகுதி மிகக் குறைவு, இரண்டு செ.மீ. நகர்ந்தால் பெரிது. 1975-இல் டொனால்ட் ஃபார்சித்தும் செய்யா உயேடாவும் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டார்கள். தட்டு எவ்வளவு பெரியது என்பதற்கும் வேகத்துக்கும் தொடர்பில்லை. எவ்வளவு நீள விளிம்பு உள்ளே தொங்குகிறது என்பதற்குத்தான் தொடர்பு. கீழே ஓடும் கவசம் தட்டைத் தூக்கிச் சுமந்து போவதாக இருந்தால், பெரிய தட்டுக்குப் பெரிய பிடி கிடைத்திருக்க வேண்டும். மலைத்தொடரின் உயரத்திலிருந்து சரியும் தள்ளுதலும் கொஞ்சம் உதவுகிறது. முதன்மையானது அந்த இழுவைதான்.

அப்படியானால் கவசச் சுழற்சி பொய்யா? இல்லை. வட்டமாகச் சுழலும் அம்புக்குறிகளும் அவற்றின்மேல் சவாரி செய்யும் தட்டுமாக வரைகிறார்களே, அந்தப் படம்தான் பிழை. சுழற்சியின் மேல்பகுதியே தட்டுதான். ஆறி இறங்கும் தட்டு கவசத்தின் கீழ்நோக்கிய ஓட்டம். அதற்கு ஈடுகட்டப் பாறை மற்ற இடங்களில் மெல்ல மேலெழுகிறது. இயந்திரத்தை ஓட்டுவது வெளியேறும் வெப்பம். பூமியிலிருந்து மொத்தமாகக் கசியும் வெப்பம் சுமார் 47 டெராவாட் (47 லட்சம் கோடி வாட்), ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏறத்தாழ பாதி யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைவதால் வருவது. மீதி பூமி உருவான காலத்துச் சூடு.

மேலேறும் பாறை உருகுவது ஏன் என்ற கேள்வி இங்கே எழ வேண்டும். யாரும் அதைச் சூடாக்கவில்லை. மேலே வர வர அழுத்தம் குறைகிறது, உருகுநிலை இறங்கி வந்து அதன் சூட்டைத் தொடுகிறது, கொஞ்சம் உருகுகிறது. கடலடி மலைத்தொடர்களில் நடப்பது இதுதான். அகழிகளின் பின்புறம் வரிசைகட்டும் எரிமலைகள், ஜப்பானிலும் ஆண்டிஸிலும் இருப்பவை, வேறு வழியில் பிறக்கின்றன. இறங்கும் குளிர்ந்த தட்டு எதையும் சூடாக்க முடியாது. ஆனால் அது கனிமங்களுக்குள் கடல்நீரைக் கட்டிக்கொண்டு போகிறது. சுமார் 100 கி.மீ. ஆழத்தில் அந்த நீர் பிழியப்பட்டு மேலேயுள்ள கவசத்தில் ஏறுகிறது. நீர் கலந்த பாறை குறைந்த சூட்டிலேயே உருகும். தண்ணீர் நெருப்பை மூட்டுகிறது என்று சொன்னால் கவிதை என்பார்கள், இங்கே அது வேதியியல்.

கண்டத்தைச் சுமந்து வரும் தட்டின் கதை வேறு. அகழியில் கடலடிப் பகுதி முழுவதும் இறங்கித் தீர்ந்தபின் கண்டம் வந்து சேர்கிறது. அது லேசு, இறங்க மறுக்கிறது. இந்தியா அப்படித்தான் ஆண்டுக்கு 15 செ.மீ.க்கும் மேலான வேகத்தில் வடக்கே வந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் முட்டியது. முட்டியும் நிற்கவில்லை, இன்றும் ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. நெருங்குகிறது. எவரெஸ்ட் உச்சியில் கடல்வாழ் உயிரிகளின் படிமங்கள் உள்ள சுண்ணாம்புக்கல் இருப்பது இதன் விளைவு.

தட்டு மெதுவாக நகர்கிறது என்றால் நிலநடுக்கம் ஏன் திடீரென்று வருகிறது? தட்டின் உடல் சீராக நகர்கிறது. விளிம்பு உராய்வில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. ஆண்டுக்கு 8 செ.மீ. என்றால் நூறு ஆண்டில் 8 மீட்டர் பாக்கி. பாறை வில்போல வளைந்து அந்தப் பாக்கியைத் தாங்குகிறது, ஒருநாள் சில நிமிடங்களில் தீர்த்துவிடுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா முதல் அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீள விளிம்பு பத்து நிமிடத்துக்குள் விடுபட்டது. 2011-இல் ஜப்பானின் கிழக்குக் கரையில் ஜிபிஎஸ் கருவிகள் 5 மீட்டருக்கும் மேல் கிழக்கே போயிருந்தன. அகழியை ஒட்டிய கடலடி 50 மீட்டர் அளவுக்கு நகர்ந்தது. இதனால்தான் எங்கே வரும் என்று சொல்ல முடிகிறது, எப்போது என்று சொல்ல முடிவதில்லை. பாக்கித் தொகையை அளக்கலாம். பூட்டு எந்தப் பாரத்தில் தெறிக்கும் என்பது ஆழத்தில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு, பாறையின் உராய்வைப் பொறுத்தது.

இறங்கிய தட்டுகள் எங்கே போகின்றன? நிலநடுக்கங்கள் 700 கி.மீ. ஆழம்வரை அவற்றின் தடத்தைக் காட்டுகின்றன. அதற்கும் கீழே அலைகளின் வேகம்தான் வழிகாட்டி: குளிர்ந்த பாறையில் அலை கொஞ்சம் விரைவாகப் போகும். ஆயிரக்கணக்கான பதிவுகளைச் சேர்த்துக் கணினியில் வரைந்தபோது, வட அமெரிக்காவுக்கு அடியில் ஃபாரலான் என்ற பழைய தட்டு தெரிந்தது. மேலே சில துண்டுகளைத் தவிர எல்லாம் உள்ளே போய்விட்ட தட்டு. டைனோசர் காலத்தில் அகழியில் இறங்கிய பகுதிகள் இன்னும் முழுதாகச் சூடேறாமல், ஆயிரம் கிலோமீட்டருக்கும் கீழே சாய்ந்து கிடக்கின்றன.

கண்டங்கள் நகர்வதை நேரடியாக அளக்க முதலில் முயன்றவர் வேகனர்தான். கிரீன்லாந்தின் தீர்க்கரேகையைப் பல ஆண்டு இடைவெளியில் அளந்து ஒப்பிட்டார். அன்றைய கருவிகளின் பிழை நகர்வைவிடப் பெரிது என்பதால் ஆண்டுக்குப் பல மீட்டர் என்று நம்ப முடியாத எண்கள் வந்தன. சரியான எண், தொலைவிலுள்ள விண்பொருள்களின் ரேடியோ அலைகளை இரு கண்டங்களில் ஒரே நேரத்தில் பெற்று ஒப்பிடும் முறை வந்தபின், 1980-களில் கிடைத்தது: வட அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. விலகுகின்றன. வேகனர் 1930 நவம்பரில், கிரீன்லாந்துப் பனிவெளியில் முகாமுக்குத் திரும்பும் வழியில் இறந்தார். அடுத்த மே மாதம் உடலைக் கண்டெடுத்தவர்கள் அங்கேயே பனிக்குள் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். அதன்பின் கிரீன்லாந்து ஐரோப்பாவிலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளிப் போயிருக்கிறது.